எபிரெயர் பன்னிரண்டில் பிரசங்கம் நின்றுவிடும் இடம்

"கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து, தாம் சேர்த்துக்கொள்ளுகிற எந்த மகனையும் தண்டிக்கிறார்." எபிரெயர் 12:6. காவிரி டெல்டாவின் துக்க வீடுகளில் இந்த வசனம் காதில் விழாமல் வெளியே வருவது கடினம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஏறி வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதற்கும் இதே வசனத்தைப் பொருத்திப் பேசியவர்கள் உண்டு. கேன்சர் என்று ரிப்போர்ட் வந்த வீட்டிலும் சொல்கிறார்கள், பையன் பிளஸ் டூவில் தோற்ற வீட்டிலும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான். ஆனாலும் அந்த வசனம் அந்த நேரத்தில் அந்த வாயிலிருந்து வரும்போது ஏதோ பிசகுகிறது என்ற எண்ணம் எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது.

இதற்குப் போட்டியாக இன்னொரு பேச்சும் நம் கூட்டங்களில் ஓடுகிறது. "இது பிசாசின் கிரியை, விசுவாசத்தோடு கட்டளையிடுங்கள், ஓடிப்போகும்." போகாவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று ஆகிவிடும். முதல் பேச்சு பாடுபடுகிறவரின் பழைய கணக்கைத் தோண்டுகிறது. இரண்டாவது அவருடைய இன்றைய விசுவாசத்தை எடை போடுகிறது. இரண்டிலும் ஒரு வசதி இருக்கிறது. காரணம் சொல்லியாகிவிட்டது, எழுந்து போகலாம். இந்த இரண்டாவது பேச்சைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை அரித்துக்கொண்டிருப்பது முதலாவதுதான், ஏனென்றால் அதற்கு மெய்யாகவே வேத ஆதாரம் இருக்கிறது.

நிருபம் போய்ச் சேர்ந்த இடம்

எபிரெயருக்கு எழுதின நிருபத்தை, அதாவது கடிதத்தை, வாங்கி வாசித்தவர்கள் யார் என்று பத்தாம் அதிகாரமே சொல்லிவிடுகிறது. 32 முதல் 34 வரை பாருங்கள். நிந்தைகளாலும் உபத்திரவங்களாலும் வேடிக்கையாக்கப்பட்டவர்கள், கட்டப்பட்டிருந்தவர்களோடு பரிதபித்தவர்கள், தங்கள் ஆஸ்தி கொள்ளைபோனதைச் சந்தோஷமாய்த் தாங்கினவர்கள். அவர்கள் செய்த பாவத்துக்கு வந்த அடி என்று ஆசிரியர் எங்கேயும் சொல்லவில்லை. விசுவாசத்தில் நின்றதால் வந்த அடி அது. 12:4இல் "பாவத்திற்கு விரோதமாய்ப் போராடுகிறதில்" இரத்தஞ்சிந்தும் அளவுக்கு அவர்கள் இன்னும் எதிர்த்து நிற்கவில்லை என்கிறார். எதிர்த்து நிற்கிறவர்களிடம் பேசுகிற பேச்சு அது. அவர்களுக்குத்தான் நீதிமொழிகள் 3:11, 12ஐ எடுத்து நினைப்பூட்டுகிறார்.

அதற்கும் முன்னால், 5:8இல், ஒரு வரி இருக்கிறது: அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார். பாவமில்லாதவர் பாடுகளினால் கற்றார் என்றால், சிட்சை, அதாவது கண்டித்து வளர்ப்பது, என்பதைக் குற்றத்துக்குரிய தண்டனை என்று மட்டும் படிப்பது அந்த நிருபத்துக்கே பொருந்தாது. 12:6இல் "தண்டிக்கிறார்" என்று வருவது உண்மைதான். ஆனால் அது ஒரு வீட்டுக்குள் நடப்பது, நீதிமன்றத்தில் நடப்பதில்லை. சேர்த்துக்கொண்ட பிள்ளையை வளர்க்கிற தகப்பனின் வேலை அது. குற்றவாளிக்குரிய தண்டனை சிலுவையில் முடிந்தது என்று லெந்து என்னும் தவக்கால நாட்கள் முழுவதும் பிரசங்கித்துவிட்டு, ஈஸ்டர் கழிந்ததும் ஒரு துக்க வீட்டில் போய் "உங்கள் பாவத்துக்கு இது" என்று ஜாடையாகச் சொல்வது எப்படிக் கூடும்?

நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் 11ஆம் வசனத்தில் நின்றுவிடும். "எந்தச் சிட்சையும் தற்காலத்தில் சந்தோஷமாய்க் காணாமல் துக்கமாய்க் காணும், ஆகிலும் பிற்காலத்தில் அதில் பழகினவர்களுக்கு அது நீதியாகிய சமாதான பலனைத் தரும்." ஆமென், ஜெபம், காணிக்கை. ஆனால் ஆசிரியர் அங்கே நிற்கவில்லை. அடுத்த வசனம் "ஆகையால்" என்று தொடங்குகிறது. நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும் நிமிர்த்துங்கள். முடமாயிருக்கிறது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படி பாதைகளைச் செவ்வைப்படுத்துங்கள். 15ஆம் வசனம் கசப்பான வேரைப் பற்றி எச்சரிக்கிறது. அது முளைத்தால் பலரும் தீட்டுப்படுவார்கள். இந்த மூன்று வசனங்களையும் சபைக்குக் கொடுத்த வேலைப் பட்டியல் என்றே நான் வாசிக்கிறேன். 5 முதல் 11 வரை பாடுபடுகிறவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. 12 முதல் 15 வரை பக்கத்தில் நிற்கிறவர்கள் செய்ய வேண்டியது. நாம் இதை அப்படியே மாற்றி வைத்துக்கொண்டோம்: அவருக்குரிய வசனத்தை நாம் சொல்கிறோம், நமக்குரிய வேலையை அவரே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

யோசேப்பு எப்போது சொன்னான்

இதை எனக்கு விளங்கவைத்தது ஆதியாகமத்தில் உள்ள வயதுக் கணக்கு. யோசேப்புக்கு 17 வயது என்று 37ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அண்ணன்மார் குழியில் போட்டு விற்கிறார்கள். எகிப்தில் போத்திபார் வீட்டில் அடிமை வேலை, பொய்க் குற்றச்சாட்டு, சிறை. சிறையில் கூட இருந்த பார்வோனின் பானபாத்திரக்காரன் விடுதலையான பிறகு முழுதாக இரண்டு வருஷம் மறந்துபோகிறான். பார்வோன் முன் நிற்கும்போது வயது 30 (41:46). பிறகு ஏழு வருஷம் செழிப்பு, இரண்டு வருஷம் பஞ்சம். சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தி, "ஜீவரட்சணை செய்யும்படிக்குத் தேவன் என்னை உங்களுக்கு முன்னமே அனுப்பினார்" என்று 45:5இல் சொல்லும்போது 39 இருக்கும். விற்கப்பட்டு 22 வருஷம்.

அந்த 22 வருஷமும் வேதம் என்ன சொல்கிறது? போத்திபார் வீட்டில் கர்த்தர் யோசேப்போடே இருந்தார் (39:2). சிறையில் கர்த்தர் யோசேப்போடே இருந்தார் (39:21). அவ்வளவுதான். இது பயிற்சி, இது புடம், இது உன் பெருமைக்கு வைத்த அடி என்று ஒரு விளக்கமும் இல்லை. சொப்பனத்தைப் பெருமையடித்துக்கொண்ட பையனுக்குச் சிட்சை தேவைப்பட்டது என்று பிரசங்கிகள் சொல்வார்கள்; வேதம் சொல்லவில்லை. அவனோ, சிறையில் பானபாத்திரக்காரனிடம், நான் களவாய்க் கொண்டுவரப்பட்டேன், இந்தக் காவல்கிடங்கில் வைக்கத்தக்கதாக ஒன்றும் செய்யவில்லை என்று வெளிப்படையாக முறையிடுகிறான். அந்த முறையீட்டுக்கு அவனை யாரும் கண்டிக்கவில்லை.

பிறகு தகப்பன் யாக்கோபு சாகிறான். எகிப்துக்கு வந்தபோது 130, இறந்தபோது 147. இன்னும் 17 வருஷம் கடந்திருக்கிறது. யோசேப்புக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பயந்து வந்து விழுகிற அண்ணன்மாரிடம்தான் அந்தப் புகழ்பெற்ற வார்த்தையைச் சொல்கிறான்: நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் (50:20). இதே வாக்கியத்தை அண்ணன்மாரான யூதாவோ ரூபனோ யோசேப்பிடம் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். "தம்பி, நாங்கள் உன்னை விற்றது தேவ சித்தம்தான், பார், இப்போது நீ மந்திரி." ஒரு எழுத்துகூட மாறவில்லை; ஆனால் அது அயோக்கியத்தனம். யோசேப்பின் வாயில் விசுவாச அறிக்கையாக இருப்பது அவர்கள் வாயில் தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடும். அவன் தீமையைத் தீமை என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாதிக்குப் போகிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். "நீங்கள் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்ற முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதி நிற்காது.

நம் மண்ணிலேயே ஒரு உதாரணம் உண்டு. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9இல், டேனிஷ்காரர் கையிலிருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் தளபதி ஹாசியஸ் அவரைக் கோட்டையில் அடைத்தார். கடன் வழக்கு ஒன்றில் ஒரு கைம்பெண்ணுக்காகப் பரிந்து நின்றதிலிருந்து முற்றிய மோதல் அது. நான்கு மாதச் சிறை. வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. 1715க்குள் அங்கேயே அச்சாகிவிட்டது. 1719இல் 36 வயதில் இறந்தார். 300 வருஷம் கழித்து மேடையில் நின்று "அந்தச் சிறை அவரைப் புடமிட்டது" என்று சொல்வது சுலபம். புடமிட்டிருக்கலாம். ஆனால் ஹாசியஸ் செய்தது அநியாயம் என்ற முதல் பாதியை விழுங்கிவிட்டு அதைச் சொன்னால் நாம் தளபதியின் பக்கம் போய் நிற்கிறோம்.

எந்த வாசல் வழியாக வந்தது

கஷ்டம் ஒரே வாசல் வழியாக வருவதில்லை. சிலது நாமே விதைத்தது. பேதுரு இதை மறைக்கவில்லை: கொலைபாதகனாயும் திருடனாயும் அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாயும் யாரும் பாடுபடக் கூடாது என்கிறார் (1 பேதுரு 4:15). கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்தக் கந்துவட்டிக்கு வாங்கி, அதை அடைக்கக் குழுக்கடன் வாங்கி, அதை அடைக்க நகையை வைத்துவிட்டு "கர்த்தர் சோதிக்கிறார்" என்று சாட்சி சொல்வதில் பொருளில்லை. அங்கே வேண்டியது கணக்கு நோட்டு. எல்லாக் கடனையும் வட்டி விகிதத்தோடு ஒரே தாளில் எழுதி, அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்து, புதுக்கடனை நிறுத்துவது. மனந்திரும்புதல் அந்தத் தாளில்தான் தொடங்கும்.

சிலது மற்றவர் செய்யும் பாவம். குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம் அகப்பட்ட பெண்ணிடம் சிட்சை வசனத்தைச் சொல்வதைவிட அந்த வசனத்துக்குச் செய்யக்கூடிய பெரிய அவமதிப்பு இல்லை. அடிக்கிறவனைத் தகப்பனாகிய தேவனின் கையாக ஆக்கிவிடுகிறோம். அவளுக்குத் தேவை பாதுகாப்பான வீடு, உடன் வரும் ஆள், பெண்கள் உதவி எண் 181, 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு. ஜெபம் அதோடு கூட நடக்கட்டும்.

சிலதற்கு யாரும் குற்றவாளி இல்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசு தாமே பதிலும் சொல்கிறார் (லூக்கா 13:4, 5). மனந்திரும்புங்கள் என்று உடனே சொல்கிறார்தான். ஆனால் செத்தவர்களைப் பற்றி விசாரிக்க வந்த உயிருள்ளவர்களிடம் அதைச் சொல்கிறார். சுனாமிக்கு இந்தப் பகுதியைத் தவிர வேறெந்தப் பகுதியையும் வாசித்திருக்கக் கூடாது என்பது என் கட்சி.

சிட்சையை நான்காவது வாசல் என்று நினைத்தால்தான் குழப்பம் வருகிறது. தேவன் நம்மைப் பயிற்றுவிப்பது இந்த மூன்றில் எதற்குள்ளும் நடக்கலாம், மூன்றுக்கும் வெளியேயும் நடக்கலாம். தாவீது தன் பாவத்தின் விளைவுக்குள் கற்றான். யோசேப்பு பிறர் பாவத்துக்குள் கற்றான். கற்றுக்கொடுக்கிறார் என்பதால் அவரே அடித்தார் என்று ஆகாது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

அளவும் வேளையும் பற்றி ஏசாயா 28:23 முதல் 29 வரை ஒரு விவசாயப் பகுதி இருக்கிறது. டெல்டாக்காரர்கள் ஏன் இதை அதிகம் பிரசங்கிப்பதில்லை என்பது எனக்கு வியப்பு. உழுகிறவன் நாள்தோறும் உழுதுகொண்டே இருப்பானோ என்று கேட்கிறார் தீர்க்கதரிசி. உளுந்தைத் தூலத்தால் போரடிப்பதில்லை, சீரகத்தின்மேல் வண்டி உருளையை விடுவதில்லை. ஒன்றுக்குக் கோல், ஒன்றுக்கு மிலாறு என்னும் மெல்லிய குச்சி. தானியத்தையும் இடைவிடாமல் போரடிப்பதில்லை. இந்த விவரத்தை அவனுக்குப் போதித்தவர் தேவன் என்று முடிகிறது. (இன்று உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி லாரி ஏறவிடுகிறவர்கள் உண்டு. பருப்பு உடைந்துபோகும் என்று அவர்களுக்கும் தெரியும்.)

நெல்லிலும் அப்படித்தான். நட்ட பயிர் பச்சை பிடிக்கும்வரை மெல்லிய தண்ணீர் நிற்க வேண்டும். வேர் பிடித்த பிறகுதான் காய்ச்சல், அதாவது வயலைக் காயவிடுவது. தண்ணீர் வடிந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் மறுபடி இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குப் பாய்ச்சல். துளையிட்ட குழாயைப் பதித்துப் பார்க்கிறவர்கள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுப்பார்கள். அந்தக் காய்ச்சலில் மண்ணுக்குக் காற்று கிடைக்கிறது, வேர் கீழே போகிறது. ஆனால் கதிர் உருவாகும்போதும் பூக்கும்போதும் எவனும் காயப்போடமாட்டான், போட்டால் பதர்தான். அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு மறுபடி வடிக்கிறான். காயப்போடுகிறவன் வயலைக் கைவிடவில்லை. மடையில் கை வைத்துக்கொண்டுதான் நிற்கிறான்.

இதே வெடிப்பு கடைமடையிலும் விழும். தலைஞாயிறு பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேராததால் விழுகிற வெடிப்பு அது. எந்த விவசாயியும் அதைக் காய்ச்சல் என்று சொல்லமாட்டான். வெடிப்பைப் பார்த்து மட்டும் இது எது என்று வரப்பில் போகிறவன் சொல்லிவிட முடியாது. இதைத்தான் துக்க வீட்டில் நாம் மறக்கிறோம். 1 கொரிந்தியர் 10:13 திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட இடங்கொடார் என்றும் தப்பிக்கொள்ளும்படியான போக்கை உண்டாக்குவார் என்றும் சொல்கிறது. அந்தப் போக்கு சில வேளை நம் சபையின் கையில் இருக்கிறது. நாம் மடையைத் திறக்காமல் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

உள்ளே நிற்கிறவருக்கு

அப்படியானால் பாடுபடுகிறவர் இந்த வசனத்தை எப்படிக் கையாள்வது? முதலில் அவசரம் வேண்டாம். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும், தழலில் சுட்ட அடையும், தண்ணீரும். அதுவும் இரண்டு தடவை (1 இராஜாக்கள் 19). கேள்வி பிறகுதான் வந்தது. வீட்டில் ஒரு மரணத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காவதுதான் ஆவிக்குரிய வேலை. இந்த நாட்களில் உபவாசம் அறிவிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து, நடுங்கி, மயங்கி விழக்கூடும். மாத்திரையை விட்டுவிட்டு உபவாசமிருந்தாலோ மறுபக்கம் கெடுதல். மன அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்துவதும் அப்படியே. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாகிற எண்ணம் வருகிறது என்றால் ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால் சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளலாம். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நான்கு தடவை வருகிறது; அங்கே தன் முறையீட்டைப் பெயர் சொல்லி வைக்க வேண்டும், "என் கஷ்டம்" என்று பொதுவாக அல்ல. இந்தத் தவணை, இந்த ஸ்கேன், இந்த மருமகன் என்று. அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம்: என்ன வேண்டும் என்று நேராகக் கேட்பது. கடைசி இரண்டு வசனம் நம்பிக்கை. வழக்கமாகப் பிழைபோவது இங்கேதான். ஐந்தாம் வசனத்துக்கு ஓடிப்போய்விடுகிறோம், அல்லது கூட இருப்பவர்கள் ஓடவைக்கிறார்கள். முதல் இரண்டு வசனத்திலேயே ஒரு மாதம் நின்றாலும் குற்றமில்லை. சங்கீதம் 88 கடைசிவரை வெளிச்சத்துக்குத் திரும்புவதே இல்லை. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் மூச்சு வந்த பிறகு தன்னைச் சோதித்துப் பார்ப்பது. இங்கே ஒரு வேறுபாடு உதவும். 2 கொரிந்தியர் 7:10 தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பிரிக்கிறது. ஆவியானவர் உணர்த்துவது குறிப்பாக இருக்கும்: அண்ணனுக்குச் சேரவேண்டிய பங்கைக் கொடுக்கவில்லை, அந்தக் கையெழுத்து பொய். அதற்கு ஒரு செயல் உண்டு, செய்ததும் பாரம் இறங்கும். வரி வசூலித்த சகேயு நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்த் திருப்பிக் கொடுத்தான், விஷயம் முடிந்தது. குற்றஞ்சாட்டும் குரலோ மங்கலாக இருக்கும்: "நீ சரியில்லை, அதனால்தான் குழந்தை இறந்தது." என்ன செய்தாலும் அது அடங்காது. பெயர் சொல்ல முடியாத குற்ற உணர்ச்சியைக் கர்த்தரின் குரல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புலம்பல் 3:33 அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சஞ்சலப்படுத்துகிறதில்லை என்று சொல்கிறது. எருசலேம் எரிந்த சாம்பலில் எழுதின வரி அது.

பலனை எப்படி அறிவது? 11ஆம் வசனம் "பிற்காலத்தில்" என்கிறது, தேதி கொடுக்கவில்லை. என் கணிப்பில் சில அடையாளங்கள் உண்டு. பிறர் வேதனையைக் கேட்கும்போது குறுக்கே பேசாத பொறுமை. முன்பு விட்டுக்கொடுக்காத இடத்தில் விட்டுக்கொடுப்பது. "எனக்கே இப்படியா" என்ற கேள்வியின் சூடு குறைவது. இதற்கு நேர்மாறாக, அனுபவித்தவன் என்ற பெருமையும், கஷ்டப்படாதவர்கள்மேல் இளக்காரமும் வளர்ந்தால் அது கசப்பான வேர், பயிற்சி நடக்கவில்லை.

பன்னிரண்டும் பதின்மூன்றும்

எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறவாமல் இருந்தது. பேசத் தொடங்கியதும் கெட்டது. அவர்களுடைய போதனையைத் தனித்தனியே எடுத்தால் பாதிக்கு மேல் சரியான உபதேசம். "சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதிரும்" என்று முதலில் சொன்னதே அவர்களில் ஒருவனான எலிப்பாஸ்தான் (யோபு 5:17). 42:7இல் தேவன் அவனிடம் கோபமாகச் சொல்கிறார்: என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை. கத்தின யோபு தேறினான், உபதேசம் சொன்னவர்கள் பலி செலுத்த வேண்டியிருந்தது. பிறகு உறவுக்காரர்கள் வருகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஆளுக்கொரு காசும் பொன் நகையும் கொடுக்கிறார்கள் (42:11). வேதம் அந்தக் காசையும் குறித்து வைத்திருக்கிறது.

தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் செய்ததும் காசு விஷயம்தான். ஹைதர் அலி படையெடுப்பில் கோட்டைக்குள் பஞ்சம். முன்பே ஏமாற்றப்பட்டதால் நெல் கொண்டுவர விவசாயிகள் அதிகாரிகளை நம்பவில்லை. கூலிக்கும் விலைக்கும் நானே பொறுப்பு என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் மாடுகள் வந்தன, நெல் வந்தது. எபிரெயர் 12:13 சொல்லும் செவ்வைப்படுத்தின பாதை என்றால் இதுதான்.

நம் சந்திப்புக் குழுக்களுக்கு என் யோசனை சுருக்கமானது. முதல் நாள் மூன்று பேருக்கு மேல் போகவேண்டாம், அரைமணிக்கு மேல் இருக்கவேண்டாம், ஒரு சின்ன சங்கீதமும் ஒரு சின்ன ஜெபமும் போதும். காரணம் சொல்லவேண்டாம். சாப்பாடு கொண்டுபோனால் திருப்பிக் கழுவிக் கொடுக்க வேண்டாத பாத்திரத்தில் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரி என்றால் ராத்திரி ஒருநாள் கூடத் தங்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள், உடனிருப்பவர் தூங்கட்டும். "கர்த்தர் என்னைச் சிட்சிக்கிறார்" என்று அவரே சொன்னால் தலையாட்டிவிடாமல், "எதைப் பற்றி அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் குறிப்பாக வந்தால் கேட்டு, அடுத்த அடிக்கு உதவுங்கள். மங்கலாக வந்தால் லூக்கா 13ஐயும், பிறவிக்குருடன் அப்படிப் பிறந்தது யாருடைய பாவத்தாலும் இல்லை என்று இயேசு சொல்லும் யோவான் 9:3ஐயும் மெதுவாக வாசியுங்கள். மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். ஜெயமாக முடியாத கதையைச் சபை முன் ஜெயமாக முடிக்கவேண்டிய கட்டாயம் மனிதரைப் பொய் பேச வைக்கும், பிறகு வீட்டில் தனியே உடையவைக்கும். சங்கீதம் 88இன் கடைசி வரி நண்பர்களைப் பற்றித்தான்: எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்.

பெரும்பாலும் நாம் மறைந்துபோவது முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு. ஆகையால் சபையில் ஒரு நோட்டு வேண்டும்; போதகரான ஐயர் மாற்றலாகிப் போனாலும் நோட்டு இருக்க வேண்டும். இறந்த தேதி, முதல் கிறிஸ்துமஸ், முதல் திருமண நாள், ஓராண்டு நினைவு என்று குறித்துவைத்து, அந்தந்த வாரம் ஒருவர் போகவேண்டும். புயல் வெள்ளம் என்றால் முதல் வாரம் தார்ப்பாய், குடிதண்ணீர், மரம் அறுக்க ஆள். இரண்டாம் வாரம் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்களை எடுத்துக்கொடுத்து, விஏஓ கணக்கெடுப்பில் பெயர் விடுபடாமல் பார்ப்பது. படித்த வாலிபர் இருவர் இருந்தால் ஒரு தெருவுக்கே முடித்துவிடலாம். பிறகு நீண்ட காலம். கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு இழந்தவர்கள் மறுபடி நட்ட நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். 2018 நவம்பரில் எழுதின பெயர்களை அடுத்த ஈஸ்டருக்குள் ஜெபக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்ட சபைகள், அந்த வீடுகளில் தேங்காய் வருமானம் திரும்பிவிட்டதா, ஊடுபயிரில் எவ்வளவு ஓடுகிறது, கடன் தவணை எங்கே நிற்கிறது என்று இப்போதாவது போய்க் கேட்கலாம்.